சேத்துப்பட்டு: செட்டியாரா, சேறா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி வேண்டும். கடற்கரை–தாம்பரம் ரயிலில் தினமும் போகிறேன். நேற்று சேத்துப்பட்டு வந்ததும் எதிர் இருக்கைப் பெரியவர், "நம்பெருமாள் செட்டியார் பேட்டைதான் செட்பெட் ஆச்சு" என்றார். உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அந்தச் செட்டியார். அந்தப் பக்கம் அவருக்கு நிறைய நிலம் இருந்ததும் உண்மைதான். ஆனால் மஞ்சள் பலகையில் தமிழில் சேத்துப்பட்டு என்றல்லவா இருக்கிறது? பேட்டை எப்படிப் பட்டு ஆகும்? திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒரு சேத்துப்பட்டு இருக்கிறதே, அங்கே எந்தச் செட்டியார்? கூவம் ஓரம் என்பதால் சேற்றுப்பட்டு என்பவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் பொருந்துகிறது, ஆதாரம்தான் இல்லை.

கோடம்பாக்கமும் இதே கதைதான். நவாபின் குதிரைத் தோட்டம், 'கோடா பாக்' என்கிறார்கள். அப்படியென்றால் பக்கத்து நுங்கம்பாக்கத்தில் யார் தோட்டம் போட்டது?

யார் வீட்டிலாவது 1890க்கு முந்தைய நிலப் பத்திரமோ பழைய வரைபடமோ இருந்தால், ஊர்ப் பெயர் எழுதிய வரியை மட்டும் படமெடுத்துப் போடுங்கள். ஆள் பெயர், சர்வே எண் எல்லாம் மறைத்துவிடுங்கள். பெரியவரை திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன்.