ஐரிஷ் காபி, கும்பகோணம் டிகாக்‌ஷன்: பண்டிகை நாள் அனுபவங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்கள் அத்தான் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸ். டிசம்பர் லீவுக்கு வரும்போது பெட்டியில் ஒரு ஜேம்சன் ஐரிஷ் விஸ்கி பாட்டில் கட்டாயம் இருக்கும். 1975 முதல் அதை வடிக்கிற மிடில்டன், அவருக்குப் பக்கத்து ஊர்தான் என்று பெருமை வேறு. நம் ஆட்கள் அதிலும் சோடாவை ஊற்றி, மிக்சரோடு கதையை முடித்துவிடுவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு நான் பிடிவாதமாக, விஸ்கி கலந்து மேலே கிரீம் மிதக்கிற ஐரிஷ் காபி போட்டேன்.

வேளாங்கண்ணியில் நள்ளிரவுப் பூசை முடிந்து, மார்கழிப் பனியில் வீடு திரும்பினால் சூடாக ஏதாவது கேட்கும். 1940களில் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் விமான தளத்தில் ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் இதைக் கலந்து கொடுத்ததும் குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்குத்தான்.

கண்ணாடி டம்ளரில் வெந்நீர் விட்டுச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, 120 மில்லி சூடான கறுப்புக் காபி, 40 மில்லி விஸ்கி. விஸ்கியை அடுப்பில் வைக்க வேண்டாம். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகு, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் கிரீமை மெல்ல விட வேண்டும். சர்க்கரை கரைந்தால் காபி கனத்துவிடும், கிரீம் மேலேயே நிற்கும். சுகர் இருக்கிற மாமாவுக்குச் சர்க்கரை இல்லாமல் கொடுத்தேன். கிரீம் சர்ரென்று இறங்கிக் கலந்துவிட்டது. பார்க்க அசல் பால் காபி. அதனால் அத்தையிடம் அவர் மாட்டவில்லை!

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் ஊர் டிகாக்‌ஷனை அப்படியே ஊற்றாதீர்கள். முதல் டிகாக்‌ஷன் சிக்கரியோடு சேர்ந்து விஸ்கியை அமுக்கிவிடும். பாதிக்குப் பாதி வெந்நீர் விடுங்கள்.

கிரீம்தான் பெரிய தலைவலி. பாக்கெட் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. அதற்காக விட வேண்டாம். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். தோசை மாவுப் பதத்துக்கு வந்தால் போதும், மிதக்கும். கேக் கடை விப்பிங் கிரீம் திகட்டும், எனக்குப் பிடிக்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து:

நாங்கள் பொங்கல் கோஷ்டி. திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக் மூடியிருக்கும் என்பதால் முன்னாடியே வாங்கிவைத்துவிடுவோம். பகல் வெயிலில் சூடான காபியெல்லாம் சரிப்படாது. பன்னீர் சோடாவில் கலந்து பார்த்தோம், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரே பன்னீர் வாசம். அப்புறம் இஞ்சிச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, சாதா கோலி சோடா என்று மாறினோம். ஜேம்சன் மூன்று தடவை வடித்தது, ஸ்காட்ச் சிலதில் வருகிற புகைவாடையும் இல்லை. இஞ்சியோடு மல்லுக்கு நிற்காது.

காரைக்காலிலிருந்து:

இங்கே விலை குறைவு என்று யாராவது கிளம்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பாட்டிலோடு வாஞ்சூர் எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் பறிமுதல்தான். எங்கள் வீட்டுக்கே வந்து, குடித்துவிட்டு ராத்திரி தங்கி, காலையில் கிளம்புங்கள். கும்பகோணத்துக்காரர் மட்டும் டிகாக்‌ஷனோடு வரட்டும்.