லாக் கன்டென்ஷன்: "பூட்டுப்போட்டி" சரிவருமா?

வணக்கம். ஒரு நேரத்தில் ஒருவரே எடுக்கக்கூடிய பூட்டுக்காகப் பல இழைகள் (threads, நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) காத்து நின்று மெதுவாவதுதான் லாக் கன்டென்ஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "பூட்டுச் சிக்கல்" என்றே வைத்துவிடலாமே?

எனக்கு உடன்பாடு இல்லை. சிக்கல் என்றதும் படிப்பவர் டெட்லாக்கை நினைத்துக்கொள்வார். அங்கே இரண்டு தரவுத்தளப் பரிவர்த்தனைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்கும். ஒன்று விலகாமல் எதுவும் நகராது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபி அதைக் கண்டுபிடித்து ஒன்றை ரத்து செய்துவிடும். நாம் பெயர் தேடுவது வேறு நிலைக்கு. இதில் இழைகளுக்கு ஒவ்வொன்றாக முறை வந்துகொண்டுதான் இருக்கும். வேலை நடக்கும், ஆனால் ஊர்ந்து நடக்கும்.

"பூட்டு நெரிசல்" பரவாயில்லை. ஆனால் நெரிசலை நெட்வொர்க் பக்கம் ஏற்கெனவே புழங்குகிறோம். தரவுத்தள சர்வர் மெதுவானால் நெட்வொர்க்கா, பூட்டா என்றுதான் முதலில் தேடுவோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான்.

என் பரிந்துரை "பூட்டுப்போட்டி". வினையாகவும் வரும்: இழைகள் பூட்டுக்குப் போட்டியிடுகின்றன. அப்புறம் "போட்டியற்ற பூட்டு" என்ற எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது. இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். லினக்ஸில் ஃபியூட்டெக்ஸ் (பூட்டுகளுக்கான அடிப்படை வசதி) வழியே போட்டியற்ற பூட்டை எடுக்கக் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போகவே வேண்டாம், இடையில் குறுக்கிட முடியாத ஒரு அட்டாமிக் கட்டளை போதும். போட்டி வந்தால்தான் இழையை உறங்கவைத்து எழுப்பும் செலவெல்லாம். பூட்டுகள் நிறைய இருப்பதாலேயே சர்வர் தள்ளாடாது என்பதை மாணவருக்கு விளக்க இந்தச் சொல்லிணை உதவும்.

> நிரைப் பூட்டுக்கு (அட்டவணையின் ஒரு வரிசையைக் காக்கும் பூட்டு) மட்டும்தானா?

இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய குவெரி கேஷையே (வினவல்களின் விடைகளைச் சேர்த்துவைக்கும் இடம்) பாருங்கள். முழுக் கேஷுக்கும் ஒரே மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு இழையை மட்டும் விடும் பூட்டு) காவல். படிக்க மட்டும் வந்த வினவல்களும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அட்டவணையில் ஏதாவது மாறினால், அதைச் சார்ந்த விடைகளை நீக்குவதும் அதே காவலுக்குள். செயலியின் கோர்கள் கூடக் கூட நிலைமை மோசமானது, கடைசியில் 8.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். யாரும் ஒரே நிரைக்காக அடித்துக்கொள்ளவில்லை, ஆனாலும் போட்டி.

இப்படிக் கண நேரம் மட்டும் பிடிக்கும் உட்பூட்டை ஆரக்கிள்காரர்கள் லேட்ச் என்பார்கள். அதற்குத் "தாழ்ப்பாள்" பொருந்தும் ("தாழ்" என்று சுருக்கினால் தாழ்வு என்ற பொருள் குறுக்கிடும்). ஸ்பின்லாக்குக்கு (இழை உறங்காமல் திரும்பத் திரும்பச் சோதித்துக் காத்திருக்கும் பூட்டு) முன்பு முன்மொழியப்பட்ட "சுழல்பூட்டு" அப்படியே இருக்கட்டும்.

"போட்டி" பிடிக்காதவர்கள், மாற்றுச்சொல்லோடு அதன் வினை வடிவத்தையும் எதிர்ச்சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.