பொருள்: ஸ்பூஃபிங் - தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

வணக்கம். பாலிடெக்னிக்கில் ட்ரோன் பாடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். ஜாமிங், ஸ்பூஃபிங் இரண்டையும் ‘இடையூறு’ என்றே எழுதப்போய் ஒரு பையனிடம் மாட்டிக்கொண்டேன். இரைச்சலைக் கிளப்பி ஜி.பி.எஸ். அலையை அமுக்குவது ஜாமிங். இடம் தெரியவில்லை என்பதாவது ட்ரோனுக்குத் தெரியும். ஸ்பூஃபிங்கில் அதுவும் தெரியாது. செயற்கைக்கோள் அனுப்புவது போன்ற அலையைக் கொஞ்சம் வலுவாக அனுப்பினால், கமலாபுரம் ஓடுதளத்துக்கு மேலே நின்றுகொண்டு ஆத்தூர் மரவள்ளிக் காட்டில் நிற்பதாகக் கணக்குப் போடும். விமான நிலையத்தை நெருங்காதே என்று உள்ளே எழுதிவைத்த வேலி அப்போது எதற்கு? பையன் சொன்னது: “சார், அடைப்புன்னா குழாய்ல தண்ணி வராது. இதுல வருது, ஆனா நம்ம தொட்டித் தண்ணி இல்ல.”
- ஓமலூரான்

ஜாமிங்: அலைமுடக்கம். மற்றதற்குப் ‘பார்வையலை’. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முற்றத்து விளாமரத்தில் கட்டியிருக்கிறதே, அந்தப் பார்வை மான்! பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிப்பது. இதைவிடப் பொருத்தம் உண்டா?
- செவ்வாய்ப்பேட்டைப் புலவன்

புலவரய்யா, ட்ரோனில் கேமரா இருக்கிறது. பார்வையலை என்றால் பையன் கேமரா என்றுதான் பரீட்சையில் எழுதுவான். ‘பேய்த்தேர்’ எப்படி? கானல்நீருக்குப் பழைய பெயர். நேற்றுகூடக் கொண்டை ஊசி வளைவில் என் வண்டி பள்ளத்தாக்கில் நிற்பதாகப் போன் காட்டியது.
- ஏற்காட்டிலிருந்து

அம்மா, அது மலையில் பட்டுத் திரும்பிய அலையின் வேலை. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பேய்த்தேரிலும் இதே குறைதான்: கானலுக்குப் பின்னால் ஆள் கிடையாது. இதில் ஆள் உண்டு. 2012-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு சிறு ட்ரோனை இப்படித்தான் ஏமாற்றிக் காட்டினார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலைக்குப் பூட்டு இல்லை, அமைப்பும் ஊரறிந்தது. அதனால் ‘ஏய்ப்பலை’.
- சங்ககிரி

ஆகா! ‘அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப’ என்று தொல்காப்பிய உவமவியலில் ஏய்ப்ப உவம உருபு. ஒத்திருப்பதும் ஏய்ப்பு, ஏமாற்றுவதும் ஏய்ப்பு. இரண்டு வேரும் ஒன்றா என்பது தனி வழக்கு, பிறகு விரிவாக எழுதுகிறேன். என் ஓட்டு இன்னமும் பார்வைக்கே.
- செ.பே.பு.

2018 டிசம்பரில் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டது என்ற பேச்சுக்கே ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. அங்கே ஏய்ப்பும் இல்லை, முடக்கமும் இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?
- ஏற்காட்டிலிருந்து

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அம்மா.
- சங்ககிரி

ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கு மூடிவிடும். அலைமுடக்கத்தை யாரும் மறுக்கவில்லை, போட்டுவிட்டேன். ஸ்பூஃபிங்குக்கு ‘போலி சிக்னல்’, அடுத்த வரியில் ‘ஏய்ப்பலை என்பாரும் உளர்’. மன்னிக்கவும், டிப்ளமோ பையன்கள்.
- ஓமலூரான்

வாத்தியாரே, ‘போலிச் சிக்னல்’. ஒற்று மிகும். கலப்படத்தையாவது இலக்கணத்தோடு செய்யுங்கள். பார்வை மான் பற்றிய என் கடிதம் நாளை வரும்.
- செ.பே.பு.