பறவைக் குரல், ஒலிப்பதிவு, கோடிங்: மூன்றும் சேரும் வேலைக்கு எப்படிப் போவது?

வணக்கம். மென்பொருள் நிறுவனமொன்றில் டேட்டா வேலை பார்க்கிறேன். பறவைக் குரல்களைப் பதிவு செய்து பைத்தான் நிரல்மொழியில் அலசுவது பல வருடப் பழக்கம். இதையே முழுநேர வேலையாக்கப் பார்க்கிறேன், எங்கேயும் கதவு திறக்கவில்லை. ஆய்வுக் குழுக்கள் உயிரியல் பட்டம் கேட்கின்றன. ஒலித்துறையினர் ஸ்டூடியோ அனுபவம் கேட்கிறார்கள்.

பதிவுகள் எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்புகள். எம்பி3 ஆக்கினால் நுணுக்கங்கள் தேய்ந்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. 2005 முதல் இயங்கும், பறவைக் குரல்களைப் பகிரும் செனோ-கான்டோ தளத்தில் சிலவற்றை ஏற்றியிருக்கிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய, குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருளையும் என் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தேன். விடியற்காலையில் பல பறவைகள் ஒன்றாகக் கத்தும் பதிவுகளில் அது தடுமாறியது. ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரு குரலின் கோட்டின் மேல் இன்னொன்று ஏறிக் கிடக்கிறது. அவற்றைக் கையால் பிரித்துக் குறித்து, அந்தத் தரவில் ஒரு சின்ன ஏஐ மாடலைப் பயிற்றுவித்திருக்கிறேன். குரல் பழக்கமானதால் மாடலின் பிழை காதிலேயே பிடிபடுகிறது. மைக் பழக்கமானதால் அந்தப் பிழைக்குக் காரணம் காற்றிரைச்சலா என்று தெரிகிறது. அப்புறம் திருத்துவதற்குக் கோடிங் இருக்கிறது. மூன்றில் ஒன்றை விட்டாலும் இந்த வேலை நடக்காது, அதனால்தான் எதையும் விட மனமில்லை.

விண்ணப்பம், நேரடி மின்னஞ்சல், சம்பளமில்லாமல் உதவுகிறேன் என்று கேட்டது, எல்லாம் ஆயிற்று. இந்த வருடக் கடைசிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

உயிரினங்களின் ஒலிகளை ஆராயும் உயிரொலியியல் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: முதுகலைப் பட்டம் படிப்பதா, அல்லது இந்தத் தரவையும் மாடலையும் பொதுவில் வெளியிட்டு அதை வைத்தே வேலை தேடுவதா, எது உங்களுக்குக் கைகொடுத்தது?