மறுமொழி: ‘வளர்சிதை மாற்ற மாற்றம்’ வேண்டாமே

வணக்கம். குருத்தணு (ஸ்டெம் செல்) எலும்பாக்கும் செல்லாக மாறும்போது அது ஆற்றல் பெறும் விதமும் மாறுகிறதே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒருவர் கேட்டது:

> மெட்டபாலிக் ரீபுரோகிராமிங் = வளர்சிதைமாற்ற மறுநிரலாக்கம். இதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ‘மறுநிரலாக்கம்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா சுண்டெலியின் உடற்செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினாரே, அதற்குத்தான் அந்தச் சொல். இங்கே நடப்பது எதிர்த்திசைப் பயணம்: குருத்தணு எலும்பாக்கும் செல்லாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் குழம்புவார். இன்னொரு நண்பர் ‘வளர்சிதை மாற்ற மாற்றம்’ என்று எழுதியதைப் படித்ததும், மன்னிக்கவும், சிரித்துவிட்டேன். வளர்சிதைமாற்றத்துக்கு ஈழத்தார் சொல்லும் ‘அனுசேபம்’ இந்த இடத்தில் எவ்வளவோ சௌகரியம்.

சரி, பொருளுக்கு வருவோம். எலும்பு மஜ்ஜையில் ஆக்சிஜன் குறைவு. அங்கிருக்கும் மீசன்கைமல் குருத்தணு (எலும்பு, கொழுப்பு செல்களாக மாறவல்லது) பெரும்பாலும் கிளைகோலிசிஸை, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் வழியை, நம்பியே காலம் தள்ளுகிறது; ஒரு குளுக்கோஸுக்கு மிஞ்சுவது 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). எலும்புப் பக்கம் திரும்பியதும், ஆக்சிஜன் கொண்டு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்டிரியா பெருகுகிறது, ஆக்சிஜன் செலவு கூடுகிறது. அந்த வழியில் அதே குளுக்கோஸ் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 30 ஏடிபி. விறகு அதேதான், அடுப்புதான் வேறு. அதனால் ‘எரிபொருள் மாற்றம்’ என்ற முன்மொழிவும் ஒட்டாது.

அதற்காக ‘ஆற்றல் ஏற்றம்’ என்று போய்விடவும் கூடாது. முதிர்ந்த எலும்பாக்கும் செல், ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸைக் கிளைகோலிசிஸ் வழியே ஏராளமாக லாக்டேட் ஆக்குகிறது. ஜெர்மானிய உயிர்வேதியியலார் வார்பர்க் புற்றுத் திசுவில் கண்ட அதே பழக்கம். எலும்பில் இதை 1960களிலேயே அளந்துவிட்டார்கள். அதாவது பழைய அடுப்பு அணைவதில்லை. எந்த அடுப்பில் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது.

என் பரிந்துரை: ஆற்றல்தடப் பெயர்வு. ‘பெயர்வு’ மேலா கீழா என்று திசை சொல்லாது. வினையாகவும் வளையும்: ‘செல்கள் ஆற்றல்தடம் பெயர்ந்தன.’ முதலில் ‘ஆற்றல்வழி’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். ‘தமிழ்வழிக் கல்வி’ மாதிரி ‘ஆற்றலின் வாயிலாக’ என்று பொருள்பட்டுவிட்டது. தடம் என்றதும் ரயில் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், புரள்வது வேறு, பெயர்வது வேறு.

இலக்கணம் அறிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: ‘இடப்பெயர்வு’ போலத் ‘தடப்பெயர்வு’ என்று சேர்த்து, ‘ஆற்றல்’ என்பதைத் தனியே பிரித்து எழுத வேண்டுமா?