செவிலியர் தொடர் பயிற்சி: பயிலரங்குக்கு அனுப்புவதா, வார்டிலேயே நடத்துவதா?

கேள்வி:
வணக்கம். வருமானம் குறைந்த நாடு ஒன்றின் மாவட்ட மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். செவிலியர் பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சி மணிநேரம் காட்ட வேண்டியிருப்பதால், தலைநகரில் நடக்கும் பயிலரங்குகளுக்கு ஆள் அனுப்புகிறோம். ஒருவர் போனாலே இரவுப் பணிக்கு ஒரே செவிலியர்தான் மிஞ்சுகிறார். பயணப்படி கிடைப்பதால் மூத்தவர்களே மீண்டும் மீண்டும் போகிறார்கள். கற்று வந்தது பிரசவ அறையில் தென்படுவதும் இல்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
உண்டு, சிஸ்டர். தான்சானியாவின் ஹைடம் லூத்தரன் மருத்துவமனையில், பிறந்தும் மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் கொண்டு மூச்சூட்டும் முறையை ஒரே நாள் வகுப்பில் கற்பித்தார்கள்; பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையின் மீது நன்றாகச் செய்துகாட்டியவர்கள்கூட, உண்மையான பிரசவத்தில் பழையபடியே நடந்துகொண்டார்கள். பின்னர் அந்தப் பொம்மையைப் பணியிடத்திலேயே வைத்து, சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி நடத்தியபோது, முதல் 24 மணிநேரத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1-இலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. பணிமாற்ற நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் யாரையும் வெளியூர் அனுப்ப வேண்டியதில்லை, இரவுப் பணியாளரும் விடுபடமாட்டார். அவர்கள்தான் பெரும்பாலும் பயிற்சிக்கே அழைக்கப்படாதவர்கள் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எச்சரிக்கையும் தேவை. உத்தரப் பிரதேசத்தில் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை (பிரசவத்தின்போது தவறாமல் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) பயன்படுத்தப் பணியிடத்திலேயே வழிகாட்டிய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2017-இல் வெளியானது. இரண்டாம் மாதத்தில் தேவையான செயல்களில் 72.8 விழுக்காடு செய்யப்பட்டன. வழிகாட்டுவோர் விலகிய பின், 12-ஆம் மாதத்தில் அது 61.7 ஆக இறங்கியது. தாய், சேய் இறப்பும் குறையவில்லை. எனவே பயிற்சியை நிறுத்தாமல் நடத்த உள்ளேயே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மூச்சூட்டும் பையும் மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் அதே பத்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் இந்தப் பத்து நிமிடங்கள் பதிவுப் புதுப்பிப்புக்குக் கணக்கில் வருமா?

பதில் 3:
அது உங்கள் செவிலியர் மன்றத்தின் விதியைப் பொறுத்தது. தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தேதி, தலைப்பு, பங்கேற்றவர் கையொப்பம், அவர் செய்துகாட்டிய திறன் ஆகியவற்றைப் பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே குறித்துவந்தால், மன்றம் ஆதாரம் கேட்கும்போது திண்டாட வேண்டியிராது.