'சாஜோ புன்ஷி': தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானியத் தாவரவியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மட்சுபரன் என்னும் செடியைப் பற்றிய பகுதியில் 'சாஜோ புன்ஷி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'புன்ஷி' என்பது கிளைத்தல். அதில் சிக்கல் இல்லை. 'இருகிளைத்தல்' என்று முதலில் எழுதினேன். ஆனால் 'சாஜோ'வில் பிளவுபட்ட வடிவம்தான் இருக்கிறது, இரண்டு என்ற எண் இல்லை. எண் தேவைப்படும் இடத்தில் ஆசிரியரே 'நிசா புன்ஷி' என்று வேறாக எழுதுகிறார். இரண்டுக்கும் பொருத்தமான சொற்கள் வேண்டும்.

மறுமொழி 1:

'கவை' இருக்கும்போது வேறு சொல் எதற்கு? வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கவைக்கம்பை நினைத்துப் பாருங்கள். சங்கப் பாட்டிலும் நண்டு 'கவைத்தாள் அலவன்' ஆகிறது. ஜப்பானியர் தாளுக்கும் பணத்தாளுக்கும் பட்டை உரிக்கும் மிட்சுமத்தாச் செடியின் பெயருக்கு 'முக்கவை' என்பதே பொருள். அதன் கிளைகள் மும்மூன்றாகப் பிரிகின்றன. ஆகவே எண்ணில்லாத சாஜோவுக்குக் 'கவைக்கிளைப்பு' என்றும் நிசாவுக்கு 'இருகவைக்கிளைப்பு' என்றும் எழுதலாம். 'கவட்டை'யும் பொருந்தும், ஆனால் வாசகருக்கு உண்டிவில்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயரிட்டால் பின்னால் இடறும். மட்சுபரனில் தண்டின் வளர்நுனியே இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் சம உரிமையோடு வளர்கின்றன. இலையென்று சொல்லத்தக்கது இல்லாத பச்சைத் தண்டில் அந்தப் பிளவு படிப்படியாக மேலேறுவதைக் கண்ணாலேயே எண்ணலாம். ஜப்பானியர் புத்தாண்டு அலங்காரத்தில் வைக்கும் உராஜிரோ என்ற பெரணியோ அப்படியன்று. சிறகு போன்ற ஓரிணை இலைப்பகுதிகளுக்கு நடுவே ஒரு மொட்டு உறங்கிக் கிடக்கும். அடுத்த ஆண்டு அது நீண்டு இன்னோர் இணையை விரிக்கும். உறங்கும் மொட்டைக் கவனிக்காதவர் அதையும் கவை என்றே எண்ணுவார். ஜப்பானியர் இதைப் பிரித்துக்காட்ட 'நிசா'வுக்கு முன் போலி என்னும் பொருளில் 'கி' சேர்க்கின்றனர். தமிழில் 'போலிக் கவைக்கிளைப்பு' என்றால் போதும்.

மறுமொழி 3:

இலங்கையில் 'இணைக்கவர்' என்று படித்தோம். நிசாவுக்கு அது கச்சிதமாக அமையும். ஆனால் தமிழகத்து வாசகர் 'கவர்' என்றதும் கடித உறையை நினைப்பார் என்பதால் நான் வற்புறுத்தவில்லை. கிங்கோ மரத்தின் இலை நரம்புகளும் மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரிபவை. கட்டுரையில் 'சாஜோ மியாக்கு' என்று வந்தால் 'கவை நரம்பமைப்பு' என்று அதே வேரிலிருந்து எழுதுங்கள். இங்கே 'கவை', அங்கே 'பிளவு' என்று மாற்றினால் சொல்லுறவு அறுந்துவிடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. கவைக்கிளைப்பு, இருகவைக்கிளைப்பு, போலிக் கவைக்கிளைப்பு, கவை நரம்பமைப்பு என நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். உராஜிரோப் பகுதியில் நான் 'கி'யைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்றே திருத்த வேண்டும்.